மீக்குளிர் கிளிசராலின் தளர்வு நேரத்தை அளக்கும் முறை

கிளிசராலின் உருகுநிலை சுமார் 18 டிகிரி செல்சியஸ். ஆனாலும் குளிர்விக்கும்போது அது எளிதில் படிகமாவதில்லை. பாகுநிலை ஏறிக்கொண்டே போய், ஏறத்தாழ 190 கெல்வினில் கண்ணாடியாக இறுகிவிடுகிறது. இவ்விரு வெப்பநிலைகளுக்கும் இடையில் மூலக்கூறுகள் தம் பழைய திசையமைப்பை விட்டுப் புதிய அமைப்புக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் காலமே ஆல்பா தளர்வு நேரம். 260 கெல்வினில் ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவாக உள்ள இந்த நேரம், 190 கெல்வினை நெருங்கும்போது 100 நொடியாகிறது. மூலக்கூறு மின் இருமுனையாக இருப்பதால், மாறுதிசை மின்புலத்தைக் கொண்டே இதை அளந்துவிடலாம்.

முதல் எதிரி ஈரம். கிளிசரால் காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சும் பொருள். நீர் கலந்தால் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை இறங்கிவிடும் என்பதால், மாதிரியை வெற்றிடத்தில் மிதமாகச் சூடாக்கி உலர்த்தி, உலர் நைட்ரஜன் சூழலிலேயே கலத்தில் நிரப்ப வேண்டும். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே 100 மைக்ரான் டெஃப்லான் இடைவெளித் துண்டுகளை வைத்தால், வெற்றுக் கலத்தின் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 28 பிக்கோஃபாரட் வரும். நிரப்புவதற்கு முன்பே அதை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பெறப்போகும் விடுதிறன் (மின்புலத்துக்குப் பொருள் எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்பதன் அளவு) மதிப்புகள் அனைத்தும் இந்த எண்ணால் வகுத்துப் பெறப்படுபவை.

ஒவ்வொரு வெப்பநிலையிலும் மின்புலத்தின் அதிர்வெண்ணை 10 மில்லிஹெர்ட்ஸ் முதல் 1 மெகாஹெர்ட்ஸ் வரை மாற்றி அலசி, விடுதிறனின் இழப்புப் பகுதியை (மின்புல ஆற்றல் வெப்பமாக வீணாகும் பங்கை) அதிர்வெண்ணின் மடக்கைக்கு எதிராக வரைக. உச்சம் நிற்கும் அதிர்வெண்ணை இரண்டு பையால் (2π) பெருக்கி, அதன் தலைகீழியை எடுத்தால் தளர்வு நேரம் கிடைக்கும். உச்சத்தின் குறைந்த அதிர்வெண் பக்கத்தில் இழப்பு மீண்டும் மேலேறினால், அது அயனிக் கடத்தலின் பங்கு. அதிர்வெண்ணுக்கு எதிர்விகிதத்தில் மாறும் ஓர் உறுப்பைச் சேர்த்துப் பொருத்தினால் விலகிவிடும். உச்சம் சமச்சீராக இருக்காது; உயர் அதிர்வெண் பக்கம் நீண்டு சரியும். கிளிசராலை ஆராய்ந்து 1951-இல் டேவிட்சனும் கோலும் வெளியிட்ட சார்பு இந்தச் சரிவை நன்கு விவரிக்கிறது. ஒரே தளர்வு நேரத்தைக் கொண்ட, சமச்சீரான எளிய டெபாய் வடிவத்தை வலிந்து பொருத்த வேண்டாம்.

உண்மையான கடினம் 200 கெல்வினுக்குக் கீழேதான் தொடங்குகிறது. கண்ணாடி நிலையை நெருங்கும்போது தளர்வு நேரம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைக் குறிக்கும் நொய்மை எண் கிளிசராலுக்குச் சுமார் 53. அதன்படி கணக்கிட்டால், 190 கெல்வின் அருகில் வெப்பநிலையை ஒரு கெல்வின் குறைத்தாலே தளர்வு நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், வெப்பமானியின் 0.1 கெல்வின் பிழைகூட விடையை 6 முதல் 7 விழுக்காடு நகர்த்திவிடும். எனவே உணரியைத் தகட்டை ஒட்டியே பொருத்துக. குளிர்விக்கும் வாயுவின் வெப்பநிலையை மாதிரியின் வெப்பநிலையாக எழுதிவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. வெப்பநிலை நிலைத்த பின்பும் தளர்வு நேரத்தைப் போலப் பல மடங்கு காத்திருந்து, இரண்டு தொடர் அலசல்கள் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றனவா எனப் பார்க்க வேண்டும். படியாவிட்டால் நாம் அளப்பது நீர்மத்தை அன்று, இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கும் கண்ணாடியை.

இறுதியாக, தளர்வு நேரத்தின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழிக்கு எதிராக வரைந்தால், மாறாத ஆற்றல் தடை இருந்தால் வரக்கூடிய அர்ஹீனியஸ் நேர்கோட்டுக்குப் பதிலாக, குளிரக் குளிர மேல்நோக்கி வளையும் கோடு தெரியும். வோகல்–ஃபுல்ச்சர்–தம்மான் சமன்பாட்டை அதற்குப் பொருத்தலாம். தளர்வு நேரம் முடிவிலியாகும் வெப்பநிலையை அது 130 கெல்வினை ஒட்டிக் காட்டும். அளவீடு எட்டாத இடத்துக்கு நீட்டிப் பெற்ற எண் என்பதால், அதை ஒரு பொருத்தல் அளபுருவாக மட்டும் அறிக்கையில் எழுதுக. சமநிலை எட்டாத கடைசிப் புள்ளிகள் வளைவைத் தட்டையாக்கி இந்த எண்ணையே பொய்யாக்கிவிடும். அவற்றைப் பொருத்தலுக்கு முன்பே நீக்கிவிட வேண்டும்.