ஏலக்காய்க் கடைக்கு ஒரு சாஃப்ட்வேர்: மாணவர் குழு புராஜெக்ட் நடத்தும் முறை

இறுதியாண்டு புராஜெக்ட்டை நிஜமான ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கும் குழுத் தலைவர்களுக்கும் இது. எடுத்துக்காட்டுக்குப் போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய் வியாபாரியை வைத்துக்கொள்வோம். காய் கேரளாவின் இடுக்கி மலையிலிருந்து இறங்குகிறது. விவசாயிகளில் தமிழரும் உண்டு, மலையாளிகளும் உண்டு. மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் போடியிலும் எல்லை தாண்டிப் புற்றடியிலும் நடக்கிறது. விவசாயி கணக்கு முழுக்க நீள நோட்டில் இருக்கிறது.

எந்த முடிவு எடுக்கும்போதும் ஒன்றை மட்டும் கேளுங்கள்: மாணவர்கள் பரீட்சை எழுதிப் போன பிறகு, கடைக்காரர் யாருக்கும் போன் போடாமல் இதைத் திறந்து வேலை பார்ப்பாரா?

படி 1: வாடிக்கையாளரைப் பிடிப்பது

செமஸ்டருக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். நல்ல வாடிக்கையாளருக்கு மூன்று அடையாளம் உண்டு. வேலை இன்றைக்கு ஏதோ ஒரு நோட்டிலோ எக்செல்லிலோ நடந்துகொண்டிருக்க வேண்டும். முடிவு சொல்ல ஒரே ஆள் இருக்க வேண்டும். அண்ணன் ஒன்று சொல்லித் தம்பி வேறு சொல்லும் கடை மாணவர்களைத் திணறடித்துவிடும். வாரத்துக்கு 45 நிமிடம் ஒதுக்க அவர் சம்மதிக்க வேண்டும்.

சாஃப்ட்வேர் இரண்டு மாதம் தாமதமானாலும் வியாபாரம் நிற்கக் கூடாது. அதனால் முழுக் கடைக்கும் சாஃப்ட்வேர் என்றால் மறுத்துவிடுங்கள். 'விவசாயி வாரியாகக் காய் வரவும் பாக்கியும்' என்ற அளவு ஒரு செமஸ்டருக்குப் போதும்.

சீசனையும் பாருங்கள். ஏலக்காய் அறுவடை ஆடி, ஆவணியில் சூடு பிடித்துத் தை வரை ஓடும். ஜூலையில் தொடங்கும் செமஸ்டர் நேராக அதில் போய் மோதும். ஏல நாட்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, அவை தவிர்த்த ஒரு நாளில் கடை மூடும் நேரத்துக்குச் சந்திப்பை வையுங்கள்.

படி 2: ஒரு பக்க ஒப்பந்தம்

வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம், எந்தத் தேதியில் முடியும், செமஸ்டர் முடிந்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற நான்கும் எளிய தமிழில் இருக்கட்டும். கூலி வேண்டாம். டொமைன், சர்வர் செலவு மட்டும் கடைக்காரர் பெயரில், அவரே கட்டட்டும்.

எழுதிய நிரலின் பதிப்புரிமை யாருக்கு என்ற விஷயத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எளிய வழி: உரிமை மாணவர்களிடமே இருக்கட்டும்; கடைக்குக் காலவரையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமம் என்று எழுதிக் குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கல்லூரிக்கென்று தனி விதி இருக்கிறதா என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

விவசாயிகளின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் மாணவர் லேப்டாப்புக்குப் போகவே கூடாது. சோதனைக்குப் பொய்ப் பெயர்களையே போடுங்கள்.

படி 3: குழு

ஐந்து பேர் சரியான அளவு. 4 பேர் என்றால் ஒருவருக்கொருவர் பேச வேண்டிய இணைப்பு 6. 6 பேர் என்றால் 15. 8 பேர் என்றால் 28. ஆள் கூடக் கூட வேலையைவிடப் பேச்சுதான் கூடும். கடையோடு பேச ஒருவரும் அவருக்கு மாற்றாக ஒருவரும் போதும். ஐந்து பேரும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் கேட்டால் கடைக்காரர் மூன்றாம் வாரமே பதில் சொல்வதை நிறுத்திவிடுவார். மலையாளம் பேசத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் பெரிய பலம்.

படி 4: முதல் சந்திப்பு

இந்த வேலையில் அதிகக் கவனம் கேட்பது இந்தப் படிதான். 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்காதீர்கள். கேட்டால் அவர் எங்கோ பார்த்த ஆப்பைச் சொல்வார். 'போன செவ்வாய்க்கிழமை முதலில் வந்த விவசாயிக்கு என்ன எழுதினீர்கள், காட்டுங்கள்' என்று கேளுங்கள். அனுமதி வாங்கி நோட்டில் மூன்று பக்கம் படம் எடுங்கள். ஒன்று சாதாரண நாள், ஒன்று கூட்டமான நாள், ஒன்று அடித்துத் திருத்திய பக்கம். அடித்த இடத்தில்தான் உண்மையான விதி ஒளிந்திருக்கும்.

நோட்டில் பெயர், ஊர், சாக்கு, எடை, கழிவு, ரேட், அட்வான்ஸ் என்று இருக்கும். 'கழிவு' என்பது சாக்கின் எடையா, ஈரத்துக்குப் பிடிப்பதா, குப்பைக்குப் பிடிப்பதா? கடைக்குக் கடை மாறும். இதைக் கேட்காமல் நிரல் எழுதினால் முதல் நாளே கணக்கு இடிக்கும்.

அன்று மாலையே ஒரு சொற்பட்டியல் போடுங்கள். 'ஏலம்' என்றால் இங்கே காயும் அதுதான், கூவி விற்பதும் அதுதான். தரவுத்தள டேபிளுக்கு 'ஏலம்' என்று பெயர் வைத்தால் ஒரு மாணவர் ஒன்றை நினைப்பார், மற்றவர் இன்னொன்றை நினைப்பார். மலையில் 'ஸ்டோர்' என்றால் காய் உலர்த்தும் இடம். மாணவர்கள் அதைக் குடோன் என்று எடுத்துக்கொள்வார்கள். 'பச்சை' என்பது நிறமா, உலராத காயா? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிக் கடைக்காரரிடம் படித்துக்காட்டுங்கள்.

பெயரை அடையாளமாக வைக்காதீர்கள். ஒரே ஆள் ஒரு பக்கத்தில் தோமஸ், இன்னொரு பக்கத்தில் தாமஸ் என்று இருப்பார். போன் எண்ணும் உதவாது. வீட்டுக்கே ஒரு போன் இருக்கும். ஒவ்வொரு விவசாயிக்கும் கடையே ஒரு வரிசை எண் கொடுத்து அதையே சீட்டில் பெரிதாக அச்சிடுங்கள்.

படி 5: 14 வாரக் கணக்கு

1, 2-ஆம் வாரம் சந்திப்பும் சொற்பட்டியலும். 3-இல் திரைகளைத் தாளில் வரைந்து காட்டுவது. தாளில் திருத்தினால் ஐந்து நிமிடம், நிரலில் திருத்தினால் மூன்று நாள். 5-ஆம் வார முடிவுக்குள் மிகச் சிறிய ஒரு வேலை முழுதாக ஓட வேண்டும்: ஒரு விவசாயி, ஒரு வரவு, ஒரு அச்சுச்சீட்டு. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கடையில் காட்டுங்கள். 10-ஆம் வாரத்தோடு புது அம்சத்துக்குக் கதவைச் சாத்துங்கள். 11, 12-இல் நோட்டும் சாஃப்ட்வேரும் பக்கத்துப் பக்கமாக ஓடட்டும், ஒவ்வொரு நாள் மாலையும் இரண்டின் மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 13 திருத்த, 14 ஒப்படைக்க.

காட்டும்போது மவுஸ் கடைக் கணக்கரின் கையில் இருக்க வேண்டும். மாணவர் வாயை மூடிக்கொண்டு, அவர் எங்கே தயங்குகிறார் என்று குறித்துக்கொள்ளட்டும்.

படி 6: தொழில்நுட்பத்தில் வழுக்கும் இடங்கள்

பணத்தையும் எடையையும் தசம எண்ணாக வைக்காதீர்கள். கணினியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். பணத்தைப் பைசாவாகவும் எடையைக் கிராமாகவும் முழு எண்ணில் வையுங்கள்.

பழைய எக்செல் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தால் அப்படியே ஏற்ற முடியாது. யூனிகோடுக்கு மாற்றி, பத்துப் பெயரைக் கண்ணால் சரிபாருங்கள்.

கடைக்காரர் விற்பனைப் பில்லும் கேட்டால் ஜாக்கிரதை. ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தமிழ்நாட்டுக்கு 33, கேரளாவுக்கு 32. உலர்ந்த ஏலக்காய்க்கு 5% வரி. மாநிலத்துக்குள் என்றால் மத்திய, மாநில வரி இரண்டரை இரண்டரையாகப் பிரியும். சரக்கு மாநில எல்லை தாண்டிப் போனால் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலங்களுக்கிடையேயான வரி) ஒரே வரியாக 5%. போடிக் கடை என்பதால் எப்போதும் இரண்டாகவே பிரித்தால் கேரளப் பில் அத்தனையும் தப்பாகும். மூன்று பழைய பில்களை வாங்கிக் கடையின் ஆடிட்டரிடம் விதியை உறுதி செய்த பிறகே எழுதுங்கள்.

நிரல் முழுவதும் கிட்டில் (Git, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதியும் கருவி), ஒரே இடத்தில். அடுத்தவர் படித்துப் பார்க்காமல் எதுவும் முதன்மைக் கிளையில் சேரக் கூடாது. வாட்ஸ்அப்பில் எடுத்த முடிவை அன்றே தேதியோடு முடிவுப் பதிவேட்டில் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வாரம் கழித்து 'நான் அப்படிச் சொல்லவில்லையே' என்பதுதான் வரும்.

மதிப்பெண்

எங்கள் பரிந்துரை: ஓடும் சாஃப்ட்வேருக்கு 40, தனிநபர் பங்குக்கு 25, வாடிக்கையாளர் கருத்துக்கு 20, ஆவணத்துக்கு 15. தனிநபர் பங்கை கிட் பதிவு, வாரக் குறிப்பேடு, சக மாணவர் மதிப்பீடு மூன்றையும் சேர்த்தே பாருங்கள். கடைக்குப் போய்க் கேட்டு எழுதிய மாணவரின் உழைப்பு கிட்டில் தெரியாது.

படி 7: ஒப்படைப்பு

மாணவர் ஒருவரின் சொந்த ஜிமெயிலில் சர்வர் கணக்கைத் தொடங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அவர் வேலைக்குப் போனதும் கடவுச்சொல்லும் போய்விடும். எல்லாக் கணக்கும் கடையின் மின்னஞ்சலில் இருக்கட்டும். கடவுச்சொற்களை ஓர் உறையில் போட்டு ஒட்டி, கடைப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். கையேடு ஒரே பக்கம், படத்தோடு, தமிழில். கணக்கர் மலையாளி என்றால் மலையாளத்திலும்.

கடைசி நாளில் பென்டிரைவில் இருக்கும் பேக்கப்பைக் கணக்கரே எடுத்து, வேறொரு கணினியில் ஏற்றட்டும். ஏதாவது ஒரு விவசாயியின் வரிசை எண்ணைத் தட்டி, வரும் பாக்கியை நோட்டோடு ஒப்பிடட்டும். ஒரு ரூபாய் இடித்தாலும் கையெழுத்து வாங்காமல் திரும்பி வாருங்கள்.