அப்கிரேட் செய்ததும் வரும் எரிச்சல்: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியின் இயங்குதளம் புதிய பதிப்புக்கு மாறிய முதல் வாரத்தில் பெரும்பாலானவர்கள் சொல்வது ஒன்றுதான்: "பழசே நல்லா இருந்துச்சு." சில சமயம் அது நியாயமான புகார். சில சமயம் கை இன்னும் பழைய இடத்தையே தேடுவதால் வரும் எரிச்சல். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் மற்ற தவறுகள் தொடங்குகின்றன. பிரித்துப் பார்த்துவிட்டால், எதைப் பழகிக்கொள்ளலாம், எதை செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம், எதற்காகக் கட்டாயம் குரல் கொடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபரில். ஸ்டார்ட் பட்டன் திரையின் நடுப்பக்கம் நகர்ந்திருந்ததைப் பார்த்தே பலர் முகம் சுளித்தார்கள். டாஸ்க்பார் செட்டிங்ஸில் ஒரு தேர்வை மாற்றினால் அது மறுபடி இடது ஓரத்துக்கு வந்துவிடும். ரைட் கிளிக் மெனு சுருங்கியதற்கும் வழி இருந்தது: ஃபைலைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பழைய நீளமான மெனு திறக்கும். 2011-இல் மேக் இயங்குதளத்தின் லயன் பதிப்பில் ஸ்க்ரோல் செய்யும் திசை தலைகீழானபோதும் அப்படித்தான், ஒரு டிக்கை எடுத்தால் போதும். இவையெல்லாம் பழக்கம் சம்பந்தப்பட்டவை.

ஆனால் அதே விண்டோஸ் 11-இன் முதல் பதிப்பில் டாஸ்க்பாரைத் திரையின் மேலேயோ பக்கவாட்டிலோ வைக்க முடியவில்லை. ஒரு ஃபைலை இழுத்துக்கொண்டுபோய் டாஸ்க்பாரில் உள்ள ஆப் மீது வைத்து, அந்த ஆப்பைத் திறந்து அதில் போடுவதும் நின்றுபோயிருந்தது. இதற்கெல்லாம் செட்டிங்ஸில் எந்த வழியும் இல்லை. தினமும் செய்துகொண்டிருந்த வேலையைச் செய்ய முடியாமல் போனால் அது இழப்பு, அதைப் பழகிக்கொள்ளச் சொல்வதில் அர்த்தமில்லை. பயனர்கள் விடாமல் கேட்டார்கள். இழுத்துப் போடும் வசதி 2022-இல் திரும்ப வந்தது. டாஸ்க்பாரில் ஒவ்வொரு விண்டோவையும் அதன் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் வசதி 2023-இல் வந்தது.

அதனால் ஒரு புது வசதி பிடிக்கவில்லை என்றால் முதலில் செட்டிங்ஸில் தேடுங்கள். அதில் இல்லையென்றால் சில நாள் வேலை செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் அதே வேலைக்கு முன்பைவிட அதிக நேரம் பிடித்தால் உங்கள் எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது.

பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திரும்பிப் போக இருக்கும் காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறியவர்கள் பழைய பதிப்புக்குத் திரும்ப, சாதாரணமாக 10 நாள்தான் அவகாசம். அந்தப் பழைய பதிப்பு 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டரில் இருக்கும். டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று அதை அழித்துவிட்டால் திரும்பும் வழியும் போய்விடும். திரும்பினாலும் உங்கள் ஃபைல்கள் அப்படியே இருக்கும், ஆனால் அப்கிரேடுக்குப் பிறகு நிறுவிய ஆப்கள் போய்விடும். மேக்கில் இந்த வசதிகூடக் கிடையாது. டிஸ்க்கை அழித்துப் பழைய பதிப்பை நிறுவி, முன்பே எடுத்து வைத்த பேக்கப்பிலிருந்துதான் மீட்க வேண்டும். எனவே பேக்கப் எடுக்காமல் அப்கிரேட் பட்டனைத் தொடவே தொடாதீர்கள். நீங்கள் நம்பியிருக்கும் ஆப்கள் புதிய பதிப்பில் ஓடுமா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். 2019-இல் வந்த மேக் கேட்டலினா பதிப்பில், பழைய வகையான 32-பிட் ஆப்கள் ஒன்றுகூட ஓடவில்லை. மாறிய பிறகு அதைத் தெரிந்துகொண்டவர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

கோபத்தில் எடுக்கும் முடிவுகள்

எரிச்சல் உச்சத்தில் இருக்கும்போது செய்யும் மிக மோசமான காரியம், "இனி அப்டேட்டே வேண்டாம்" என்று மொத்தமாக நிறுத்துவது. தோற்றத்தையும் வசதிகளையும் மாற்றும் பெரிய அப்டேட் வேறு, பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் மாதாந்தர அப்டேட் வேறு. 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப்போட்ட வான்னாக்ரை என்ற தீய மென்பொருள் பரவப் பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தம், ஆதரவில் இருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கு அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. சிக்கியவற்றில் பெரும்பாலானவை அந்தத் திருத்தம் போடாத விண்டோஸ் 7 கணினிகள். உங்களுக்கு அவகாசம் வேண்டுமென்றால் அப்டேட்டைச் சில வாரம் தள்ளிப்போடும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

பழைய தோற்றத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லும் வெளி மென்பொருட்கள், ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் உள் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) கைவைக்கும் குறிப்புகள் ஆகியவற்றிலும் கவனம் தேவை. சில நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அவை இயங்குதளத்தின் உள்பாகங்களைத் தொடுவதால், அடுத்த பெரிய அப்டேட்டில் டாஸ்க்பாரே திறக்காமல் போகலாம். என்ன மாற்றினீர்கள் என்பதை எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் அப்புறம் காரணம் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அப்கிரேட் முடிந்ததும் வரிசையாக வரும் திரைகளில் எதையும் படிக்காமல் "சரி, சரி" என்று அழுத்திக்கொண்டே போவது. எந்தத் தகவல் எங்கே போகிறது, எந்த ஃபோல்டர் கிளவுடில் சேமிக்கப்படுகிறது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. இரண்டு நிமிடம் கூடுதலாகச் செலவழித்துப் படியுங்கள்.

"பழகிக்கோ" என்று வாயடைப்பது

புகார் சொல்பவரைப் பார்த்து, மாற்றத்துக்குப் பயப்படுகிறவர் என்று முத்திரை குத்துவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். நடந்ததைப் பார்த்தால் புகார் சொன்னவர்கள் பலமுறை சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். விண்டோஸின் பழைய பதிப்பான விஸ்டாவில் எதைத் தொட்டாலும் அனுமதி கேட்டதால் பலர் அந்தப் பாதுகாப்பையே அணைத்து வைத்தார்கள். 2009-இல் வந்த விண்டோஸ் 7, எப்போது கேட்க வேண்டும் என்பதை நாமே கூட்டிக் குறைக்கும்படி செய்தது. 2012-இல் விண்டோஸ் 8 டாஸ்க்பாரிலிருந்து ஸ்டார்ட் பட்டனை எடுத்தது. அடுத்த ஆண்டு 8.1-இல் பட்டன் வந்தது, மெனு முழுதாகத் திரும்பியது 2015-இல் விண்டோஸ் 10-இல்தான். 2011-இல் லினக்ஸில் குனோம் 3 என்ற புதுத் திரைத்தோற்றம் பிடிக்காதவர்கள் பழைய குனோம் 2-ஐயே எடுத்து 'மேட்' என்ற பெயரில் தொடர்ந்தார்கள். அது இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ரீகால். திரையை அவ்வப்போது படம்பிடித்து வைத்து, பின்னால் தேடித் தரும் இந்த வசதியை மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் அறிவித்தது. அந்தப் படங்கள் தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்று பாதுகாப்பு வல்லுநர்களும் பயனர்களும் கேட்டார்கள். ஜூன் மாதமே, பயனர் தானாக விரும்பி இயக்கினால் மட்டுமே அது வேலை செய்யும் என்று மாற்றினார்கள், வெளியீட்டையும் தள்ளிவைத்தார்கள். பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 2025 ஏப்ரலில். இங்கே யாரும் வெறுமனே "பிடிக்கவில்லை" என்று சொல்லவில்லை. என்ன ஆபத்து என்பதைக் காட்டினார்கள்.

அப்படிச் சொல்வது கவனிக்கப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு விண்டோஸ் 10-இன் 2018 அக்டோபர் அப்டேட்டைப் பாருங்கள். அந்த மாதம் 2-ஆம் தேதி வெளியானது. டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு இடத்துக்கு மாற்றி அமைத்திருந்த சிலருக்கு, பழைய இடத்தில் மிஞ்சியிருந்த ஃபைல்களை அது அழித்துவிட்டது. சில நாட்களிலேயே நிறுத்தி, நவம்பர் 13-இல்தான் மறுபடி வெளியிட்டார்கள். வருத்தம் என்னவென்றால், வெளியாகும் முன்பே சோதனைப் பயனர்கள் சிலர் இதைப் புகாராக எழுதியிருந்தார்கள். அதை ஆதரித்தவர்கள் குறைவு என்பதால் மற்ற புகார்களுக்கு அடியில் அது கிடந்தது. பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலர்தான், ஆனால் அவர்கள் இழந்தது சொந்த ஃபைல்களை. இதற்குப் பிறகுதான் பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்பதையும் குறிப்பிடும் வசதி, பயனர்கள் மைக்ரோசாஃப்டுக்குப் புகார் எழுதும் ஆப்பான ஃபீட்பேக் ஹப்பில் சேர்க்கப்பட்டது.

விண்டோஸ் விசையோடு எஃப் விசையை அழுத்தினால் ஃபீட்பேக் ஹப் திறக்கும். முதலில் உங்கள் சிக்கலை வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். இருந்தால் புதிதாக இன்னொன்று தொடங்காமல் அதையே ஆதரித்து, உங்கள் விவரத்தைச் சேருங்கள். "புது மெனு மோசம்" என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்தப் பதிப்பு, என்ன செய்ய முயன்றீர்கள், முன்பு எத்தனை கிளிக்கில் முடிந்தது, இப்போது எங்கே நிற்கிறது, ஃபைல் ஏதாவது போய்விட்டதா என்று எழுதுங்கள். ஃபைல் போயிருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.