விக்கிக் கட்டுரைகளை அச்சுத் தரமுள்ள பிடிஎஃப் நூலாக்கும் முறை

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைப் பிடிஎஃப் கோப்பாகப் பதிவிறக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. ஒரே ஒரு கட்டுரையைப் பயணத்தில் படிக்க அது போதும். ஆனால் வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம் எனப் பறவைகள் சரணாலயங்களைப் பற்றிய சில கட்டுரைகளைத் தொகுத்து, பள்ளி நூலகத்தில் வைக்கத் தக்க சிறுநூலாக்க விரும்புவோருக்கு அந்த வசதி உதவாது. கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கித் தந்த பழைய கருவியை விக்கிமீடியா 2017இல் நிறுத்திவிட்டது. ஆகவே இந்த வேலையை நாமே செய்துகொள்ள வேண்டும். இதற்கு நான் பரிந்துரைப்பது, பைத்தான் மொழியில் எழுதப்பட்ட வீசிபிரிண்ட் என்னும் கட்டற்ற மென்பொருள். அது உள்ளடக்கத்தைக் கொண்ட எச்டிஎம்எல் கோப்பையும் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் கோப்பையும் வாங்கிக்கொண்டு பிடிஎஃப் தருகிறது. தமிழ் எழுத்துகளைப் பாங்கோ என்னும் நிரல் நூலகத்தின் துணையோடு கோப்பதால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதில்லை.

முதலில் உள்ளடக்கத்தை எடுக்க வேண்டும். விக்கி நிரலைப் பாண்டாக் போன்ற கோப்பு வடிவ மாற்றிகளிடம் நேரடியாகக் கொடுப்பது எளிதாகத் தோன்றினாலும், அவை வார்ப்புருக்களை (பல கட்டுரைகளில் பயன்படும் ஆயத்தச் சட்டங்களை) விரித்துக் காட்டாததால் தகவற்பெட்டியில் உள்ள பரப்பளவு, அமைவிடம் முதலிய விவரங்கள் காணாமற்போகும். அதைவிட, பக்க முகவரியில் ‘ஆக்‌ஷன்’ என்னும் அளவுருவுக்கு ‘ரெண்டர்’ என்னும் மதிப்பைக் கொடுத்து (action=render) அழைப்பது நல்லது. அப்போது வார்ப்புருக்கள் விரிந்த நிலையில், பக்கப்பட்டைகள் ஏதுமின்றிக் கட்டுரையின் உடற்பகுதி மட்டும் கிடைக்கும். அதில் கட்டுரைத் தலைப்பு இராது. ஒவ்வொரு கட்டுரைக்கும் முதல்நிலைத் தலைப்பை நாமே சேர்க்க வேண்டும். கோப்பின் மொழி தமிழ் என்பதையும் தொடக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

கட்டுரைகளை ஒரே கோப்பில் இணைக்கும்போது பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நானும் அங்கே ஒரு மாலைப் பொழுதை இழந்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டுரையிலும் மேற்கோள்கள் 1 எனத் தொடங்குவதால் அவற்றின் உள் அடையாளங்களும் ஒன்றாகவே இருக்கக்கூடும். அப்படியே இணைத்தால், மூன்றாம் கட்டுரையின் மேற்கோள் எண்ணைச் சொடுக்கும் வாசகர் முதற்கட்டுரையின் அடிக்குறிப்புக்குப் போய்ச் சேருவார். எச்டிஎம்எல் கோப்பைத் திருத்த உதவும் பியூட்டிஃபுல் சூப் என்னும் பைத்தான் நிரல் நூலகத்தைக் கொண்டு, எல்லா அடையாளங்களுக்கும் அவற்றைச் சுட்டும் உள் இணைப்புகளுக்கும் கட்டுரைக்கு ஒரு முன்னொட்டைச் சேர்த்துவிட்டால் இச்சிக்கல் தீரும். அதே நிரலிலேயே வழிசெலுத்துப் பெட்டிகள், ‘மேற்கோள் தேவை’ போன்ற பராமரிப்பு அறிவிப்புகள், தொகுப்பு இணைப்புகள் ஆகியவற்றையும் நீக்கிவிடலாம். ஆனால் மேற்கோள் தேவை என்று குறிக்கப்பட்ட வாக்கியத்தைச் சரிபார்க்காமல் குறியை மட்டும் அழிப்பது வாசகருக்குச் செய்யும் துரோகம். ஆதாரத்தைத் தேடிச் சேருங்கள், இல்லையேல் வாக்கியத்தையும் விட்டுவிடுங்கள்.

இனி நடைத்தாள், அதாவது சிஎஸ்எஸ் கோப்பு. பக்க அளவு, ஓரங்கள், பக்க எண் ஆகியவற்றை சிஎஸ்எஸ்ஸின் பக்க விதி ஒன்றிலேயே வரையறுக்கலாம். சிறுநூலுக்கு 148க்கு 210 மில்லிமீட்டர் கொண்ட ஏ5 அளவு பொருந்தும். தைப்புப் பக்க ஓரத்தைச் சற்று அகலமாக விடுங்கள். முதல்நிலைத் தலைப்பின் உரையை ஒரு சரமாகச் சேமித்து மேல் ஓரத்தில் அழைத்தால், நடக்கும் கட்டுரையின் பெயர் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தானாக வரும். பொருளடக்கத்தின் பக்க எண்களையும் இணைப்பின் இலக்கு எந்தப் பக்கத்தில் உள்ளது என்று கண்டறியும் இலக்கு எண்ணி வசதியின் மூலம் மென்பொருளே நிரப்பும். கையால் இடப்பட்ட எண்கள் அடுத்த திருத்தத்திலேயே பொய்யாகிவிடும்.

எழுத்துருவில்தான் தமிழ் நூலின் தோற்றம் நிற்கிறது. நோட்டோ செரிஃப் தமிழை 10.5 அல்லது 11 புள்ளியில் வைத்து, வரி உயரத்தை ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கொடுங்கள். மேலே எழும் விசிறியும் கீழே இறங்கும் சுழியும் நெருக்கமான வரிகளில் ஒன்றோடொன்று மோதும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், குறுகிய பக்கத்தில் இருபுறமும் சமன்செய்தால் சொற்களுக்கிடையே வெள்ளை ஓடைகள் தோன்றும். இடப்புறம் மட்டும் நேராக்குவதே கண்ணுக்கு இதம். விக்கியில் நூற்பெயர்களுக்கு இடப்படும் சாய்வெழுத்தையும் மாற்றிவிடுங்கள். தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் உண்மையான சாய்வு வடிவம் இல்லாததால், மென்பொருள் எழுத்துகளை வலிந்து சாய்த்து உருக்குலைக்கும். அவ்விடங்களில் மேற்கோள்குறியோ தடித்த எழுத்தோ போதும். நீல, சிவப்பு இணைப்புகளுக்குத் தாளில் பொருளில்லை. அவையும் உரையின் நிறத்தையே பெறட்டும்.

அட்டவணைகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கி, தலைப்பு வரிசையைத் தனித் தலைப்பகுதியாகத் தருவதில்லை; எனவே பறவைப் பட்டியல் அடுத்த பக்கத்துக்கு நீளும்போது தலைப்பு வரிசை மீண்டும் தோன்றாது. முதல் வரிசையைத் தலைப்பகுதிக்குள் நகர்த்தினால் ஒவ்வொரு பக்கத்திலும் அது வரும். தலைப்புக்குப் பின்னும் படத்துக்குள்ளும் பக்கம் முறியாதபடி தடை விதிப்பதும் அவசியம்.

படங்கள் கட்டுரையில் சிறுவடிவிலேயே இருக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் அச்சுக் கணக்கில், 10 சென்டிமீட்டர் அகலப் படத்துக்கு ஏறத்தாழ 1,180 படப்புள்ளிகள் வேண்டும். ஆகவே படங்களின் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்திலிருந்து பெரிய வடிவத்தை எடுத்து மாற்றுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் தனி உரிமம் இருப்பதால், எடுத்தவரின் பெயரையும் உரிமத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரை உரை கிரியேட்டிவ் காமன்சு குறிப்பிடுதல்–அதேபோல் பகிர்தல் 4.0 உரிமத்தில் உள்ளது. நூலின் இறுதிப் பக்கத்தில் உரிமத்தின் பெயர், ஒவ்வொரு கட்டுரையின் வரலாற்றுப் பக்க முகவரி, எடுத்துக்கொண்ட பதிப்பின் நிலையான இணைப்பு, நீங்கள் செய்த மாற்றங்கள் ஆகியவை இடம்பெற வேண்டும். ஊதியமின்றி எழுதியவர்களுக்கு நாம் திருப்பிக் கொடுப்பது அவர்களுடைய பெயரை மட்டுமே. அந்தப் பக்கத்தைச் சிற்றெழுத்தில் ஒடுக்காதீர்கள்.

கோப்பு உருவானதும் ‘கொக்கு’, ‘நாரை’ போன்ற சொற்களைப் பிடிஎஃப் படிப்பானில் தேடிப் பாருங்கள்; ஒரு பத்தியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டியும் பாருங்கள். திரையில் சரியாகத் தெரியும் ‘கொ’ நகலெடுக்கும்போது கொம்பும் ககரமும் காலுமாகச் சிதறலாம். சிதறினால் எழுத்துருவையோ மென்பொருளின் பதிப்பையோ மாற்றி மீண்டும் இயக்குங்கள். பிறகு நான்கு பக்கங்களை உண்மை அளவிலேயே தாளில் அச்சிட்டு, ஓரமும் எழுத்தளவும் கையில் பிடித்துப் படிக்க ஏற்றவையா என்று பார்த்த பின்பே முழு நூலையும் அச்சகத்துக்கு அனுப்புங்கள்.