கலாபகோஸ் கப்பல் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கு

கலாபகோஸ் என்றதும் எல்லோரும் கேட்பது "எந்தக் கப்பல் நல்லது?" என்றுதான். கப்பலை அப்புறம் பார்க்கலாம், முதலில் பாதையை முடிவு செய்யுங்கள்.

1. பாதை

ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1,000 கி.மீ. தள்ளியிருக்கும் இந்தத் தீவுகளில் கப்பல்கள் இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது. எந்த நாள் எந்த இடம் என்று தேசியப் பூங்காதான் அட்டவணை போடுகிறது. என் பரிந்துரை மேற்குப் பக்கம்: இசபெலா, ஃபெர்னாண்டினா தீவுகள். இளம் எரிமலைகள் அங்கேதான். ஃபெர்னாண்டினாவின் லா கும்ப்ரே எரிமலை 2024 மார்ச்சில்கூட வெடித்தது. ஆழத்தில் வரும் குளிர் நீரோட்டம் இந்தத் தீவுகளில் மோதி மேலே எழும்புவதால் மீன் வளம் அதிகம். பூமத்திய ரேகையில் பெங்குயின் வாழ்வதும் அதனால்தான். ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் மட்டும் தென்கிழக்கே எஸ்பனோலா தீவு வரும் பாதையை எடுங்கள், ஏப்ரலிலிருந்து டிசம்பருக்குள்.

2. மாதம்

டிசம்பர் முதல் மே வரை கடல் வெதுவெதுப்பு, அலை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை தண்ணீர் சில்லென்று இருக்கும், கப்பலும் ஆடும். ஆனால் கடல் விலங்குகளுக்கு இரை நிறைய. குமட்டல் வரும் உடம்புக்கு முதல் பருவமே நல்லது.

3. கப்பல்

100 பயணிகளுக்கு மேல் அனுமதியில்லை. 16 பேர் போகும் சிறு கப்பலில் ஒரே குழுவாக இறங்கலாம். பெரியதில் ஆட்டம் குறைவு.

4. கட்டணம்

ஈக்வடாரின் கீட்டோ அல்லது குவாயாகில் விமான நிலையத்தில் பயண அட்டை வாங்கி, பையைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். பூங்காக் கட்டணம் நம்மவர்களில் பெரியவர்களுக்கு 200 டாலர். ரொக்கமாகவே வைத்திருங்கள்.

5. கரையிறங்குதல்

'பாங்கா' என்ற ரப்பர் படகில்தான் கரைக்குப் போவீர்கள். மாலுமி கை நீட்டும்போது உள்ளங்கையைப் பிடிக்காதீர்கள், முன்கையைப் பிடியுங்கள். அவரும் உங்கள் முன்கையைப் பிடிப்பார். ஈரத்தில் வழுக்காத பிடி அது.

6. ஃபெர்னாண்டினாவில்

இந்தத் தீவில் இறங்கும் இடமான புன்டா எஸ்பினோசாவில் கால் வைக்குமுன் கீழே பாருங்கள். கறுப்பு எரிமலைப் பாறைமேல் கறுப்பாகவே குவிந்து கிடக்கும் கடல் இகுவானாக்கள் (பெரிய பல்லி இனம்) சட்டென்று கண்ணுக்குப் படாது. கடலில் மேய்ந்தபோது உள்ளே போன உப்பை மூக்கு வழியாகப் பீய்ச்சித் தும்மும். பக்கத்திலேயே பறக்காத நீர்க்காகம் குட்டை இறக்கைகளை விரித்துக் காயவைக்கும். ஆண் பறவை கடற்பாசியைக் கவ்விவந்து கூட்டிலிருக்கும் துணையிடம் கொடுப்பதைப் பார்க்க வாய்த்தால், கேமராவை இறக்கிவிட்டுக் கண்ணால் பாருங்கள். 2 மீட்டர் இடைவெளி கட்டாயம். கடல் சிங்கம் தானாக நெருங்கினால் நீங்கள்தான் விலக வேண்டும். ஃபிளாஷ் கூடாது.

7. கப்பலுக்குத் திரும்பியதும்

செருப்பையும் காலையும் நன்றாகக் கழுவுங்கள். வெளியிலிருந்து வந்த எலியோ பூனையோ இல்லாத தீவு ஃபெர்னாண்டினா. ஒரு தீவின் விதை உங்கள் செருப்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த தீவுக்குப் போய்விடக்கூடாது.