லயத்துப் பெண்களுக்கு ஒரு சுவர்: சுவரோவியம் வரையும் இளைஞர்களுக்கு

மூணாறுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைக்கும் தமிழ்ப் பெண்கள் குடியிருக்கும் லயம் எனும் வரிசை வீடுகள் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானவை. ஓய்வு பெறும்போது வீட்டில் வேறு எவரும் தோட்ட வேலையில் இல்லையென்றால், அந்தச் சிறு வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கிறது. சொந்தக் கூரை இல்லாமலேயே பிள்ளைகளைப் படிக்க வைத்து நிமிர்ந்து நிற்கும் அந்தப் பெண்களை ஊர்ச் சுவரில் வரைய விரும்பும் இளைஞர்களுக்குத் தூரிகையைத் தொடுமுன் செய்யவேண்டிய வேலைகளே அதிகம்.

முதலில் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். கொழுந்தெடுத்துத் திரும்பிய மாலையில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பொருத்தமானது. "உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க" என்று தொடங்குவதைவிட, "அக்கா, லயத்தைவிட்டுப் போகும்போது எதையெல்லாம் எடுத்துட்டுப் போவீங்க?" என்று கேட்பது நல்ல ஓவியத்தைத் தரும். தகரப் பெட்டி, ரேஷன் கார்டு, மகளின் சான்றிதழ்கள் வைத்த உறை, வாசலில் டப்பாவில் வளர்த்த ரோஜாச் செடி என்று அவர்கள் சொல்பவையே சுவரில் ஏற வேண்டும்.

அழும் முகத்தையும் ஏந்திய கையையும் வரையவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாலையில் அமர்ந்த 'பொம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்ற தோட்டத் தொழிலாளர் இயக்கத்துப் பெண்களின் ஊர் இது. 2020 ஆகஸ்ட் 6 இரவு லயங்களை மண்ணுக்குள் புதைத்து 70 உயிர்களைக் கொண்டுபோன பெட்டிமுடி நிலச்சரிவை வரைய எண்ணினால், உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களின் சம்மதம் இல்லாமல் ஒரு கோடும் இழுக்காதீர்கள். இன்னும் லயத்தில் இருப்பவரின் முகம் தெரிந்தால் அவருக்கு வேலையிடத்தில் சங்கடம் வரலாம். அவரே விரும்பிக் கேட்டாலன்றி, தலையில் கட்டிய துணி, முதுகில் தொங்கும் கொழுந்துப் பை ஆகியவற்றாலேயே அவரைக் காட்டிவிடலாம்.

பள்ளி, நூலகம், பஞ்சாயத்துக் கட்டடம் போன்ற பொதுச் சுவரைத் தேர்ந்து எழுத்துப்பூர்வமான அனுமதி பெறுங்கள். பருவமழை ஓய்ந்து, ஜனவரி முதல் மார்ச் வரையே வரைவதற்கு உகந்த காலம். ஒரு முழ அளவு பாலிதீன் தாளின் நான்கு ஓரங்களையும் சுவரில் ஒட்டி மறுநாள் பாருங்கள். உட்புறம் நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை என்று பொருள். பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவிக் காயவிடுங்கள். புதிய சிமெண்ட் பூச்சானால் 28 நாள் பொறுக்க வேண்டும். விரிசல்களுக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, வெளிச்சுவர் பிரைமர் ஒரு கை அடியுங்கள். எனாமல் எனும் எண்ணெய் வண்ணம் வேண்டாம், சுவரின் ஈரத்தை வெளியே விடாமல் உரிந்துவிடும். நீரில் கரையும் வெளிச்சுவர் வண்ணமான எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கை அடிக்க, சுமார் 50 சதுர அடிக்கு வரும்.

தாளில் ஓர் அங்குலக் கட்டத்தைச் சுவரில் ஓரடிக் கட்டமாக்கி, நீலத்தூள் தோய்த்த நூலால் கோடு அடித்து எண்ணிட்டு வரையுங்கள். கோட்டோவியம் முடிந்ததும், வண்ணம் தொடங்குமுன், அந்தப் பெண்களை அழைத்துக் காட்டுங்கள். கோட்டைத் திருத்துவது எளிது. சாரத்தில் ஏறி மேற்பகுதியை நீங்கள் பாருங்கள். கைக்கு எட்டும் உயரம்வரை வண்ணம் நிரப்புவது அவர்கள் உரிமை. ஜனவரியில் மூணாறில் உறைபனி விழும். குளிர்ந்த சுவரில் எமல்ஷன் சரியாகப் பிடிக்காது என்பதால், வெயில் ஏறிய பின் தொடங்கிப் பிற்பகல் 3 மணிக்குள் நிறுத்திவிடுங்கள். மிஞ்சிய வண்ணங்களை எண்ணிட்டு மூடி அந்தக் கட்டடத்திலேயே வைத்தால், அடுத்த மழைக்குப் பின் ஒட்டுப்போட உதவும்.