அடிபட்ட ஸ்டார் ரிசீவரை வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா? ஒரு ஃபேன்டஸி ஃபுட்பால் செய்முறை

2023-ல் எங்கள் ஆபீஸ் லீக் டிராஃப்டில், அதாவது அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். வீரர்களை ஆளுக்கு ஒருவராக வரிசையில் எடுக்கும் நாளில், முதல் எண் எனக்கு விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு மினசோட்டா வைகிங்ஸின் ரிசீவர் (எறிகிற பந்தை ஓடிப் பிடிப்பவர்) ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்தேன். முந்தைய சீசனில் 128 கேட்ச், 1,809 யார்டு எடுத்த ஆள். எங்கள் பி.பி.ஆர். கணக்கில் (ஒவ்வொரு கேட்சுக்கும் ஒரு புள்ளி உண்டு) முதல் நான்கு வாரமும் 24 புள்ளிக்குக் கீழே இறங்கவே இல்லை. அக்டோபர் 8, ஐந்தாவது வாரம், கேன்சஸ் சிட்டி சீஃப்ஸுடன் ஆட்டம். நான்காவது குவார்ட்டரில், யாரும் இடிக்காமலே கால் வழுக்கி விழுந்தார். எழுந்தபோது கை வலது தொடையின் பின்பக்கம் போனது. இரண்டு நிமிடத்தில் லீக் குரூப்பில் மெசேஜ்: "மச்சி, உன் சீசன் அவ்ளோதானா?"

அந்த ராத்திரி என்ன செய்யணும் என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த இரண்டு மாதம் செய்ததில் பாதி தப்பு. அதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். வேய்வர் (யாரும் எடுக்காமல் மிஞ்சிய வீரர்களுக்கு விண்ணப்பிப்பது) எப்படி ஓடும், டிராஃப்ட் எப்படி நடக்கும் என்பதெல்லாம் இங்கே கிடையாது. ஒன்று மட்டும், கிரிக்கெட் ஃபேன்டஸியிலிருந்து வருகிறவர்களுக்கு: அங்கே மேட்சுக்கு மேட்ச் புது டீம் போடலாம். இங்கே செப்டம்பரில் எடுத்த டீமைத்தான், வேய்வரிலோ ட்ரேடிலோ (இன்னொருவரோடு வீரரை மாற்றிக்கொள்வது) அங்கங்கே ஆள் மாற்றிக்கொண்டு, சீசன் முடியும்வரை ஓட்ட வேண்டும். உங்களிடம் இருக்கிற ஜெஃபர்சன் லீக்கில் வேறு யாரிடமும் இருக்க மாட்டார். அதனால் அவர் படுத்தால் உங்கள் டீமும் கொஞ்சம் படுக்கும்.

படி 1: எந்த இடத்தில் அடி?

"எப்போ வருவார்?" என்று தேடுவதற்கு முன்னால், எது பிய்ந்திருக்கிறது, எது சுளுக்கியிருக்கிறது என்று பாருங்கள். முழங்காலில் ஏ.சி.எல். என்கிற தசைநார் அறுந்தால் அந்த சீசன் முடிந்தது. மறுபடி ஆட ஒன்பது மாதமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். கூப்பர் கப் என்கிற ரிசீவருக்கு 2018 நவம்பரில் அது போனது. 2019-ல் 94 கேட்ச், 1,161 யார்டு, 10 டச்டவுனோடு திரும்பினார். எல்லோரும் அப்படி இல்லை. கிறிஸ் காட்வினுக்கு 2021 டிசம்பரில் ஏ.சி.எல். போய், ஒன்பது மாதம் முடிவதற்குள் 2022-ன் முதல் ஆட்டத்தில் இறங்கினார். அதே ஆட்டத்தில் ஹாம்ஸ்ட்ரிங் பிடித்துக்கொண்டு வெளியே போனார். முழங்கால் தாங்கியது, தொடை தாங்கவில்லை.

ஹாம்ஸ்ட்ரிங் வேறு ரகம். தொடையின் பின்பக்கம் இருக்கிற மூன்று தசைகளின் கூட்டம் அது. வேகமாக ஓடும்போது கால் முன்னால் வீசப்பட்டு, பாதம் தரையைத் தொடுவதற்கு முந்தைய கணத்தில், அந்தத் தசை நீண்டுகொண்டே பிரேக்கும் போட வேண்டும். ரிசீவரின் பிழைப்பே அந்த ஓட்டமும் அந்த பிரேக்கும்தான். லேசான இழுப்பு என்றால் ஓரிரு வாரம். கொஞ்சம் பிய்ந்திருந்தால் பல வாரம். நேராக நடக்கும்போது வலியே இருக்காது, முழு வேகத்தில் ஓடினால் மறுபடி பிடிக்கும். வீடியோவில் சிரித்துக்கொண்டு நடந்து வருகிறாரே என்று நம்பிவிடாதீர்கள். நான் நம்பினேன்.

படி 2: காய அறிக்கையைப் படிப்பது

ஞாயிறு ஆட்டத்துக்கு புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் டீம்கள் அறிக்கை தர வேண்டும். பயிற்சியில் கலந்துகொள்ளவில்லை, ஓரளவு கலந்துகொண்டார், முழுமையாகக் கலந்துகொண்டார் என்று மூன்று நிலை. வெள்ளிக்கிழமை அதோடு அவுட் (ஆட மாட்டார்), டவுட்ஃபுல் (பெரும்பாலும் ஆட மாட்டார்), கொஸ்டினபிள் (ஆடினாலும் ஆடலாம்) என்று ஒரு முத்திரை விழும். தனி நாளைப் பார்க்காமல் போக்கைப் பாருங்கள். புதன் இல்லை, வியாழன் ஓரளவு, வெள்ளி முழுமை என்றால் ஏறுமுகம். புதன் ஓரளவு ஆடிவிட்டு வெள்ளி காணாமல் போனால் ஏதோ பிடித்துவிட்டது என்று அர்த்தம். டவுட்ஃபுல் என்று போட்டால் நான் அவுட் என்றே வைத்துக்கொள்வேன்.

ஐ.ஆர். என்கிற நீண்டநாள் காயப் பட்டியலில் போட்டுவிட்டால் இந்தக் கதையே வேறு. ஜெஃபர்சனை அக்டோபர் 11 அன்று அதில் போட்டார்கள். குறைந்தது நான்கு ஆட்டம் கிடையாது. அதற்குப் பிறகு டீம் 21 நாள் ஜன்னலைத் திறக்கும். அந்த நாட்களில் பயிற்சி எடுக்கலாம், அதற்குள் அணியில் சேர்க்காவிட்டால் சீசன் முழுக்க வெளியேதான். நவம்பர் 8-ல் அவருக்கு ஜன்னல் திறந்த செய்தி வந்ததும் நான் குரூப்பில் வெடி படம் போட்டேன். பத்தாவது வாரம் வரவில்லை. பதினொன்று, வரவில்லை. பன்னிரண்டு, வரவில்லை. பதிமூன்று வைகிங்ஸுக்கு ஆட்டமே இல்லாத ஓய்வு வாரம். ஜன்னல் திறப்பது ஆள் வருகிறார் என்ற செய்தி அல்ல, ஓடிப் பார்க்க அனுமதி, அவ்வளவுதான்.

படி 3: அவர் காலைப் பார்க்காதே, உன் பாயின்ட்ஸ் டேபிளைப் பார்

இது ஐந்து நிமிட வேலை. ட்ரேட் கால்குலேட்டர் தளங்களை எனக்குப் பிடிக்காது. உங்கள் டீம் எத்தனை ஜெயித்திருக்கிறது என்று அவற்றில் பலவும் கேட்பதே இல்லை. ஒரு தாளும் பேனாவும் போதும்.

எங்கள் லீக்கில் 14 வாரம் லீக் சுற்று, 15 முதல் 17 வரை பிளேஆஃப். ஐந்தாவது வாரம் முடிந்தபோது நான் இரண்டு வெற்றி, மூன்று தோல்வி. மிச்சம் ஒன்பது வாரம். தாளில் ஒன்பது கட்டம் போட்டு, அவர் வர மாட்டார் என்று தெரிந்த கட்டங்களில் சைபர் போடுங்கள். ஐ.ஆர். நான்கு ஆட்டம் கட்டாயம். ஹாம்ஸ்ட்ரிங் என்பதால் இன்னும் இரண்டு கூட்டுங்கள். ஓய்வு வாரம் ஒன்று. அன்றைக்கே ஏழு சைபர். நிஜத்தில் நடந்தது எட்டு: ஏழு ஆட்டம், ஒரு ஓய்வு. இப்போது ஒரே ஒரு கேள்வி: இந்த சைபர்களோடு பிளேஆஃபுக்குள் நுழைய முடியுமா?

ஐந்துக்கு நான்கு ஜெயித்தவரால் முடியும். அவர் ஜெஃபர்சனை விற்கக் கூடாது. சொல்லப்போனால் வாங்க வேண்டும். ஐந்துக்கு ஒன்று ஜெயித்தவர் அன்றைக்கே விற்க வேண்டும். நடுவில் நிற்கிற என்னை மாதிரி ஆட்கள்தான் ஆசைப்பட்டு மாட்டுவது. ஐந்துக்கு ஐந்து ஜெயித்திருந்த நண்பன் அந்த செவ்வாய்க்கிழமையே கேட்டான்: "ஜெஃபர்சனைக் குடு, ஜோர்டன் ஆடிசனும் ஒரு ரன்னிங் பேக்கும் தர்றேன்." ரன்னிங் பேக் என்றால் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுகிறவர். ஆடிசன் அதே வைகிங்ஸின் புது ரிசீவர், அந்த வருடம்தான் லீக்குக்கு வந்த பையன். முதல் எண்ணில் எடுத்த ஆளுக்கு இவனா என்று சிரித்துவிட்டேன்.

ஏழாவது வாரம், திங்கள் இரவு, சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸுடன் ஆட்டம். பாதி ஆட்டம் முடியும் நேரத்தில், தடுப்பு வீரர் கைக்குப் போய்விட்ட பந்தை ஆடிசன் அப்படியே பிடுங்கிக்கொண்டு ஓடி 60 யார்டு டச்டவுன் போட்டான். மொத்தம் 7 கேட்ச், 123 யார்டு, இரண்டு டச்டவுன்: 31.3 புள்ளி. நண்பனிடமிருந்து வார்த்தை எதுவும் வரவில்லை, ஒரு வாழைப்பழ படம் மட்டும். ஏன் வாழைப்பழம் என்று இன்றுவரை சொல்லவில்லை.

அடிபட்ட ஸ்டாரின் இடத்துக்கு அதே டீமில் யார் வருவார் என்பதை அன்று ராத்திரியே பார்த்து, வேய்வரில் இருந்தால் எடுத்துவிடுங்கள். சீசன் முடிவில் ஆடிசன் 911 யார்டு, 10 டச்டவுன்.

படி 4: ஐ.ஆர். இடம் (நான் விழுந்த குழி)

என்.எஃப்.எல். டீமின் ஐ.ஆர். பட்டியல் வேறு, உங்கள் ஃபேன்டஸி டீமில் இருக்கிற ஐ.ஆர். இடம் வேறு. ஒரே பெயர் வைத்துக் குழப்புகிறார்கள். உங்கள் ஐ.ஆர். இடம் ஒரு கூடுதல் நாற்காலி மாதிரி: அடிபட்டவரை அதில் உட்காரவைத்தால் பெஞ்சில் ஒரு இடம் காலியாகும், வேறொருவரை எடுக்கலாம். இதுவரை சரி.

சிக்கல் அவர் குணமாகும்போது வருகிறது. என்.எஃப்.எல். டீம் அவரைப் பட்டியலிலிருந்து எடுத்த உடனே உங்கள் ஆப்பில் அவர் பெயருக்குப் பக்கத்திலிருந்த சிவப்பு எழுத்து மறைந்துவிடும். இப்போது அந்த நாற்காலியில் உட்கார அவருக்குத் தகுதி இல்லை. ஆனால் ஆப் அவரை எழுப்பிவிடாது. அப்படியே விட்டுவிட்டு, நீங்கள் வேறு யாரையாவது எடுக்கப் போகும்போதுதான் கதவைச் சாத்தும்.

ஜெஃபர்சனை நவம்பர் கடைசியில் அணியில் சேர்த்தார்கள். அவர் ஆடப்போவதில்லை, ஓய்வு வாரம்தானே என்று நான் ஆப்பைத் திறக்கவே இல்லை. ஞாயிறு மதியம் 12:40, காஸ்ட்கோ கடை பார்க்கிங்கில் வண்டிக்குள். என் கிக்கர் ஆடவில்லை என்று அப்போதுதான் பார்த்தேன். வேறொருவரை எடுக்கப் போனால் 'உங்கள் அணி விதிமுறைக்கு உட்பட்டதாக இல்லை' என்கிற மாதிரி ஒரு சிவப்புப் பட்டை. குளிருக்கு ஒரு கையுறையைக் கழற்றி, விரல் விறைக்க, நாலு தடவை அழுத்தினேன். நாலு தடவையும் அதே பட்டை. எதனால் என்று அதில் இல்லை. ஜெஃபர்சனை பெஞ்சுக்கு இறக்க வேண்டும், அதற்கு பெஞ்சில் ஒருவரை வெட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் கிக்கர் என்று புரிவதற்குள் 12:58. பதற்றத்தில் வெட்டியது இரண்டாவது ரன்னிங் பேக்கை. புதன்கிழமை அவரை வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

இப்போது நான் செய்வது இது. 21 நாள் ஜன்னல் திறந்த செய்தி வந்த அன்றே, யாரை வெட்டுவது என்று முடிவுசெய்து பெயரை எழுதிவைத்துவிடுகிறேன். ஜன்னல் மூடும் தேதியை போன் காலண்டரில் போட்டுவிடுகிறேன். அந்த மூன்று வாரமும் செவ்வாய் இரவு ஒரு தடவை, சனி இரவு ஒரு தடவை ஐ.ஆர். இடத்தைப் பார்க்கிறேன். செவ்வாய் ஏனென்றால் வேய்வர் பெரும்பாலும் புதன் விடியற்காலை ஓடும். அதற்கு முன் டீம் சரியாக இல்லாவிட்டால் உங்கள் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும்.

ஆப் விஷயத்தில் என் ஓட்டு ஸ்லீப்பருக்கு. எந்தெந்த நிலையில் இருப்பவரை ஐ.ஆர். இடத்தில் வைக்கலாம் என்பதை லீக் கமிஷனரே தேர்ந்தெடுக்கலாம். உங்கள் கமிஷனர் 'அவுட்' நிலையையும் டிக் செய்திருக்கிறாரா என்று சீசன் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். எங்கள் கமிஷனர் ஆபீஸில் எனக்கு சீனியர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். "அண்ணா, அந்த டிக்கைப் போட்டுட்டீங்களா?" என்று வருடா வருடம் ஆகஸ்டில் கேட்பது சடங்காகிவிட்டது.

படி 5: பந்து எறிகிறவர் யார்?

காயம் ஆறினாலும் பந்து வந்தால்தானே பிடிக்க முடியும். ஜெஃபர்சன் படுத்திருந்தபோது, அக்டோபர் 29 அன்று வைகிங்ஸின் குவார்ட்டர்பேக் (பந்து எறிகிறவர்) கர்க் கசின்ஸுக்கு குதிகால் தசைநாண் அறுந்தது. திரும்பி வந்த ஜெஃபர்சனுக்கு ஜோஷுவா டாப்ஸ், நிக் முல்லன்ஸ், ஜாரன் ஹால் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். காயச் செய்தியைத் தேடும்போது இதையும் சேர்த்துத் தேடுங்கள்.

படி 6: வந்த முதல் வாரம்

முடிந்தால் பெஞ்சில் வையுங்கள். நான் வைக்கவில்லை. டிசம்பர் 10, லாஸ் வேகஸ். இரண்டாவது குவார்ட்டரில் பந்தைப் பிடிக்க எம்பினவர் நெஞ்சில் அடி வாங்கி மருத்துவமனைக்குப் போனார். 2 கேட்ச், 27 யார்டு: 4.7 புள்ளி. வைகிங்ஸ் அந்த ஆட்டத்தை 3-0 என்று ஜெயித்தது. நான் என் ஆட்டத்தைத் தோற்றேன், ஒரு வெற்றி குறைவாக பிளேஆஃபும் போனது.

அதற்குப் பிறகு 15.4, 26.1, 10.9. பிளேஆஃபில் இருந்தவருக்கு அந்த நடு எண் தங்கம். பத்தே ஆட்டத்தில் சீசனை 1,074 யார்டோடு முடித்தார். என் பெஞ்சில் அழகாக உட்கார்ந்திருந்தது அத்தனையும்.

நேர்மாறாகவும் நடக்கும். 2024-ல் முழங்கால் காயத்திலிருந்து எட்டாவது வாரம் திரும்பிய பூகா நகூவா, வந்த முதல் ஆட்டத்திலேயே 7 கேட்ச், 106 யார்டு. ஹாம்ஸ்ட்ரிங் என்றால் காத்திருப்பேன், மூட்டு என்றால் வெள்ளிக்கிழமை அறிக்கை 'முழுமை' என்றதும் இறக்கிவிடுவேன். இது என் வழக்கம், விதி அல்ல.

பின்சேர்க்கை 1: வீரரை வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளும் டைனஸ்டி லீக்குக்கும் இதுவா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை. 24 வயது ரிசீவரை ஒரு ஹாம்ஸ்ட்ரிங்குக்காக அங்கே யாரும் விற்கக் கூடாது. படி 4 மட்டும் பொருந்தும்.

பின்சேர்க்கை 2: சென்னையிலிருந்து ஆடுகிற ஒருவர், கடைசி நிமிடப் பட்டியலுக்காகக் கண்விழித்தும் தப்பவிட்டேன் என்று எழுதியிருந்தார். இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆடாதவர்கள் பட்டியல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்னால் வரும். அமெரிக்கக் கிழக்கு நேரம் மதியம் 1 மணி ஆட்டத்துக்கு, இந்தியாவில் அது இரவு 9 மணி. நவம்பர் முதல் ஞாயிறு இங்கே அமெரிக்காவில் கடிகாரத்தைப் பின்னால் திருப்புவோம். அன்றிலிருந்து இரவு 10. மாலை ஆட்டங்களின் பட்டியல் உங்களுக்கு நள்ளிரவு தாண்டித்தான். அதனால் கொஸ்டினபிள் ஆள் மாலை ஆட்டத்தில் இருந்தால் அவரை ரிசீவர் இடத்தில் போடாமல் ஃபிளெக்ஸ் இடத்தில் போடுங்கள். ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் யாரை வேண்டுமானாலும் அங்கே மாற்றலாம். மாற்று ஆளும் மாலை ஆட்டத்திலோ திங்கள் இரவு ஆட்டத்திலோ இருக்க வேண்டும், ஏற்கெனவே ஆடத் தொடங்கியவரை உள்ளே கொண்டுவர முடியாது. அலாரம் 1 மணிக்கு வைத்து எழுந்திருக்க மாட்டீர்கள் என்றால் படுப்பதற்கு முன்பே மாற்றிவிட்டுப் படுங்கள்.