பழைய கடுதாசியிலிருந்து சி.வி.ராமன் முத்திரையை எடுப்பது எப்படி?

ஹட்டன், பண்டாரவளை, நுவரெலியா பக்கம் தோட்டத்து வீடுகளில் பழைய ட்ரங்குப் பெட்டி இருந்தால், இந்தியாவிலிருந்து வந்த கடுதாசிக் கட்டு ஒன்றும் அநேகமாக அதற்குள் கிடக்கும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் போன சொந்தக்காரர்கள் கூடலூர், கோத்தகிரி என்று போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து எழுதியவை. முத்திரை சேர்க்கத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது, காசும் செலவில்லை. நாம் தேடப்போவது இயற்பியலாளர் சி.வி.ராமனின் நினைவு முத்திரை. அவர் 1970 நவம்பர் 21இல் இறந்தார், சரியாக ஒரு வருஷம் கழித்து அதே திகதியில் இந்தியா இதை வெளியிட்டது, விலை 20 பைசா.

முதல் வேலை, கத்தரிக்கோலைத் தூரமாக வையுங்கள். உறை முழுசாக இருக்கிறதா, தபால் கந்தோர் சீலில் ஊரும் திகதியும் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் முத்திரையைப் பிரிக்கவே வேண்டாம், உறையோடு அப்படியே வையுங்கள், ஏனென்றால் எந்த ஊரிலிருந்து, எப்போது, எந்தத் தோட்டத்துக்கு வந்தது என்ற கதை அந்த உறையில்தான் இருக்கிறது, தனி முத்திரை அதைச் சொல்லாது. முகவரியில் சிலோன் என்றிருக்கிறதா ஸ்ரீலங்கா என்றிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பெயர் மாறியது 1972 மே மாதம், ஆனால் பழக்கத்தில் சிலோன் என்றே எழுதிக்கொண்டிருந்தவர்களும் உண்டு, அதனால் இதை மட்டும் வைத்து வருஷத்தை முடிவு செய்யாதீர்கள். முத்திரை காகிதத்திலேயே அச்சாகி வரும் மடிப்புக் கடுதாசிகளையும் வெட்டக்கூடாது. வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது, அது அவர்களுடைய கடுதாசி.

சரி, உறை கிழிந்து சீலும் தெளிவில்லையா? அப்போது எடுக்கலாம். முத்திரையைச் சுற்றி ஒரு சென்டிமீற்றர் காகிதம் விட்டு வெட்டுங்கள், ஓரத்துப் பற்களில் ஒன்று போனாலும் முத்திரைக்கு மதிப்பில்லை. அகலமான கோப்பையில் பச்சைத் தண்ணீர் எடுத்து, படம் மேலே தெரிய மிதக்க விடுங்கள். நிறக் காகித உறையையும், ஊதா மை பட்டதையும் தனித்தனியாகப் போடுங்கள், சாயம் இறங்கிப் பக்கத்து முத்திரையையும் கெடுத்துவிடும். அரை மணி நேரத்துக்குள் பசை பெரும்பாலும் விட்டுவிடும். விடவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும், நகத்தால் உரிக்காதீர்கள். கழன்றதும் பின்பக்கப் பசையை வேறு தண்ணீரில் விரலால் மெதுவாக வழித்துக் கழுவுங்கள்.

நம் மலைப் பக்கத்தில் கஷ்டமே காயவைப்பதுதான். வெயில் வந்தது என்று முற்றத்தில் வைத்தால் நிறம் மங்கும், அடுப்படியில் வைத்தால் புகை ஏறும். எழுத்தில்லாத வெள்ளைக் கடதாசியில் படம் கீழே இருக்கும்படி வைத்து, பாதி காய்ந்ததும் இரண்டு கடதாசிக்கு நடுவில் வைத்துத் தடித்த புத்தகத்தால் அழுத்துங்கள். பனி மூடிய நாட்களில் ஒரு நாள் போதாது, கடதாசியை மாற்றி மாற்றி வையுங்கள், ஈரத்தோடு அல்பத்தில் போனால் பூஞ்சணம் பிடித்துப் பழுப்புப் புள்ளி விழும், அது போகவே போகாது. ஒட்டும் பிளாஸ்டிக் படமுள்ள போட்டோ அல்பம் வேண்டாம், முத்திரைக்கென்று விற்கும் பட்டி வைத்த அல்பமே சரி. சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பையையும் அல்பம் இருக்கும் டப்பாவுக்குள் போடுங்கள்.

அப்புறம் பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு எழுதுங்கள். ராமன் பிறந்தது 1888இல் திருச்சிராப்பள்ளியில். பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறிய பங்கு அலைநீளம் மாறி வருகிறது என்று 1928 பெப்ரவரி 28இல் கல்கத்தாவில் கண்டறிந்தார், 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. கூடவே உழைத்த கே.எஸ்.கிருஷ்ணன் பெயரையும் எழுதுங்கள், அவரைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ராமன் கிடைத்தாயிற்றா? அதே கட்டில் 1958இல் வந்த ஜகதீஷ் சந்திர போஸ் முத்திரையும், 1966இல் வந்த ஹோமி பாபா முத்திரையும் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள், இரண்டிலும் விலை 15தான், ஆனால் போஸ் முத்திரையின் 15 அந்தக் காலத்து நயா பைசா.